கடை திருப்பிய புடவை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது நின்றுவிட்டது. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது. இரண்டு மூன்று வருஷமாகக் கண்ணில் இருந்த மங்கல் போய், தறியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. சந்தோஷப்பட வேண்டியவன்தான்.

இன்று காலை கோயிலுக்குப் போக என் மனைவி சரோஜா அரக்குப் புடவையைக் கட்டினாள். இரண்டு வருஷம் முன்பு நாங்கள் இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்தது. புடவையின் உடல் பகுதி நான், கரை அவள். பழுது என்று கடைக்காரர் திருப்பிவிட்டார். பழுது எங்கே என்றுகூடக் கேட்காமல், அவர் எதிரிலேயே அவளைத் திட்டினேன்.

"கண்ண எங்க வச்சிக்கினு கரை போட்ட?"

மறுநாளிலிருந்து அவள் தறிக்கு வரவில்லை. ஒரு பட்டுக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை மடிக்கிறாள். சாயங்காலம் கால் வீங்கி வருகிறாள்.

வாசல் வெளிச்சத்தில் இன்றுதான் பார்த்தேன். கரை, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. நான் நெய்த உடலில்தான் மூன்று இடத்தில் இழை விட்டிருக்கிறது.

"என்னாங்க, அப்படிப் பாக்குறீங்க?"

"புடவ நல்லா இருக்குது."

"நீங்க நெய்த புடவயாச்சே" என்று சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

கரை நல்லா இருக்குது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். அதுகூட என் வாயில் வரவில்லை.