பிடிமண் கேட்டவனுக்கு

செல்லியம்மை துணை. அணைநீர் தலைக்குமேல் நிற்கவும் விழி அவியாத தாயே, முன்னின்று கேட்பாயாக.

புதுக்குடியிருப்பு,
செட்டிகுளம் வழி.

தம்பி பழனிவேலுக்கு, உன் பெரியப்பா மகன் அரியமுத்து எழுதுவது.

உன் ஓட்டுநர் மாயவன் வந்து செய்தி சொன்னான். சிறுவாச்சூர் நெடுஞ்சாலையில், உனக்குக் கிடைத்த மனையில், குலதெய்வத்துக்குக் கோயில் எழுப்புகிறாயாம். பழைய கோயிலின் பிடிமண் இன்றி அம்மையை அங்கே அமர்த்த இயலாது. அதன்முன் பேரன் தமிழ்மாறனுக்கு முடியிறக்கவும் ஆகாது. ஊர் மூழ்குமுன் அம்மண்ணை எடுத்தவன் நான் ஒருவனே.

ஊரைக் காலி செய்தபோது எங்கள் எல்லோருக்குமாக அதிகாரிகளிடம் பேசியவன் நீ. புது இடத்தில் சுடுகாட்டுப் பாதை உண்டென்று நீ சொன்னதை நம்பியே கையெழுத்திட்டோம். சென்ற ஐப்பசியில் உன் அண்ணி லீலாவதி இறந்தாள். அது தங்கள் நிலம், வந்தேறிகளுக்கு வழியில்லை என்று பக்கத்து ஊரார் பாடையை மறித்தனர். உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"டவுன்ல மின்மயானம் இருக்குண்ணே, வண்டி புடிச்சு ஏத்திட்டு வந்துடுங்க" என்றாய்.

மறுநாள் அவளை வீட்டுக் கொல்லையிலேயே எரித்தேன். அந்தக் கரியைப் பார்த்தபடியே இன்றும் உண்கிறேன்.

பதிகம் ஓதிப் பழகிய நாவில் பொறுமை என்ற சொல் இனி வாராது. அம்மையும் பொறுத்தவள் அல்லள். அசுரன் குடலை மாலையாக அணிந்த பின்னரே அவள் முகம் மலர்ந்தது.

உன் மருமகள் பூங்குழலி அழைத்து அழுதாள். "குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு, பெரிய மாமா?" என்றாள். குழந்தை ஒரு பாவமும் செய்யவில்லை. ஆயினும் என் மனம் இளகவில்லை.

பாடை மறிக்கப்பட்ட அதே இடத்தில் பிடிமண்ணை இட்டுவிட்டேன். கூரையின்றி அம்மை அங்கே அமர்ந்துவிட்டாள். இனிப் பெயர்க்க இயலாது. உன் பெயர் பொறித்த கோயிலில் கல் இருக்கும், அவள் இராள். பேரனைத் தூக்கிக்கொண்டு நடந்து வா. மறிப்பவர் காலில் விழுந்தோ, அரசிடம் மன்றாடியோ, எங்கள் பிணங்களுக்குப் பாதை பெற்றுக்கொடு. அன்று நானே அவன் தலையில் நீர் வார்ப்பேன். அதுவரை முடி வளரட்டும்.

உன் தாயார் இங்கேதான் இருக்கிறார். உன்னிடம் வர மறுக்கிறார். தம் உடலை இந்த மண்ணில்தான் எரிக்க வேண்டும் என்கிறார். நேற்று முதல் கஞ்சியும் இறங்கவில்லை.

பேரன் நீடு வாழ்க. உன் மனையில் விளக்கு அவியாதிருக்க. நீ பாதை பெறும் நாள்வரை சின்னம்மாவுக்கு அம்மை ஆயுள் அருள்க.

அரியமுத்து