விதைப் பொட்டலங்களில் போன கடைசி அத்தியாயம்

என் ஆயி மலருக்கு,

உன்னை இப்படிக் கூப்பிடுகிற பாத்தியதை உள்ள ஒரே ஆள் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில், நீ முதலில் படித்த மன்னார்குடி காலேஜில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் நாலு பேராசிரியர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். மேடை ஏறி உன் படத்துக்கு மாலை போட்டேன். இறங்கும்போதுதான் உன் தோழி மீரா பின்னால் வந்து, "அப்பா, ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க" என்று என் பின்பக்கத்திலிருந்து கடை ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்தாள். 'நாலு முழம், முதல் தரம்' என்று போட்டிருந்தது. அத்தனை படித்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நீ இருந்திருந்தால் சிரித்து மாளாமல் வெளியே ஓடியிருப்பாய்.

கூட்டத்தில் மொழித் தத்துவம், மனத் தத்துவம் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். நான் தலையை ஆட்டினேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு முறை மூழ்கி மூன்றாம் முறை கரையேறியவன் வேறு என்ன செய்வான்? உன் படிப்பைப் பற்றி ஊரில் கேட்டவர்களுக்கு நான் இருபது வருஷமாகச் சொன்ன பதில் ஒன்றுதான். "நாம பேசுறோம்ல, அது எப்படி நடக்குதுன்னு பாக்குறா." பக்கத்து வயல் கோவிந்தராசு விடமாட்டான். "அதான் நடக்குதேடா. அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?" உன்னிடம் சொன்னபோது நீ, "மாமா கேட்டததான்ப்பா பெரிய பெரிய ஆளுங்களும் கேட்டிருக்காங்க" என்றாய். அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சென்னையில் எம்.ஏ. படித்தாய். வெளிநாட்டில் ஆறு வருஷம் ஆராய்ச்சி. உன் அம்மா போனபோதுகூட மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. திரும்பி வந்த பிறகு ஒரு வருஷம் இந்த ஊர், ஒரு வருஷம் அந்த ஊர் என்று தற்காலிக வேலையில் பெட்டியும் கையுமாக அலைந்தாய். "நடவுக்கு வர்ற ஆளுங்ககூட உன்னவிட நெலையா இருக்காங்க ஆயி" என்று நான் கேலி பேசினேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தரம் ஆனபோது உனக்கு முப்பத்தாறு வயது. அந்தக் கேலி எங்கே குத்தியது என்று நீ சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

உன் முதல் கட்டுரையில் நான் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேர் போடவில்லை, 'ஒரு விவசாயி' என்று மட்டும் போட்டிருந்தாய். முறைத் தண்ணீர் விடும் நாட்களில் விடியற்காலை நான் வாசலில் நின்று, "மடைக்குத் தண்ணி வந்துடுச்சு" என்பேன். உடனே நீ எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருவாய். எழு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னேன். பிறகு உனக்கு எப்படித் தெரிந்தது? இதைத்தான் நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தாய். "அர்த்தம் மண்டைக்குள்ள இருக்குன்னு நெனைக்கிறாங்கப்பா. அது அங்க இல்ல. வரப்புல, உங்களுக்கும் எனக்கும் நடுவுல நிக்குது" என்றாய். நான் திரும்பி வரப்பைப் பார்த்தேன். ஒரு நண்டு நின்றது.

மாசியில் நீ வீட்டுக்கு வந்தாய். இனி மருந்து இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்றாய். கம்ப்யூட்டரை மடியில் வைக்க முடியவில்லை, நோட்டைப் பிடித்தால் கை நடுங்கியது. அதனால் உரக்கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் அன்றன்று கிழித்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாய். உள்ளங்கை அளவுத் தாள். முன்பக்கம் 'மகரம்: ஜெயம்' என்று இருக்கும். பின்பக்கம் உன் எறும்பு எழுத்து. எழுதி முடித்ததை ஜன்னலோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டாக அடுக்கி வைப்பாய். வைகாசியில் நீ போய்விட்டாய். அந்தக் கட்டு அங்கேயே இருந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நம் கொல்லையில் எடுத்த விதை கொடுப்போம். அவரை, பாகல், பீர்க்கு, பூசணி. காலண்டர் தாளில்தான் பொட்டலம் மடிப்போம். வருஷம் பூராவும் அதற்காகவே தாளைச் சேர்த்து வைப்பேன். இந்த வருஷம் துக்க வீடு, யாரும் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலோரத்துக் கட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டு பொட்டலம் வந்தது. கரையில் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். மனசு லேசானது போலக்கூட இருந்தது.

கூட்டத்துக்கு மறுநாள் மீரா வீட்டுக்கு வந்தாள். உன் புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்வது அவள்தான். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்பா, கடைசி அத்தியாயத்த காலண்டர் தாள்ல எழுதுறேன்னு போன்ல சொன்னா. அத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியாம மடிச்சுட்டேம்மா" என்றேன். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். காப்பி ஆறிப்போனது.

அன்று மத்தியானமே வீடு வீடாகப் புறப்பட்டேன். தெருக்கோடி சரோஜா என்னைப் பார்த்ததும், "என்ன மாமா, வெத மொளச்சுதான்னு பாக்க வந்தீங்களா? பீர்க்கு கொடி ஏறிடுச்சு" என்றாள்.

"கொடி ஏறட்டும்மா. தாளு எங்க?"

"எந்தத் தாளு?"

"வெதைய மடிச்ச தாளு."

"அதக் கேட்டா வந்தீங்க? அடுப்புல போட்டிருப்பேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். கடுகு டப்பா, பெருங்காய டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்தாள். ஒன்று கிடைத்தது. கொஞ்சம் பெருங்காய வாசனையோடு.

கோவிந்தராசு தன்னுடையதைக் கொடுக்கவே யோசித்தான். "பின்னாடி என்னமோ எழுதியிருக்கு, மந்திரமோ என்னவோன்னு சாமி படத்துக்குப் பின்னால வச்சேன்டா. அதுக்கப்புறம்தான் மூட்டுவலி கொறஞ்சுது."

"அது மந்திரம் இல்லடா, தத்துவம்."

"ரெண்டும் புரியாது, எனக்கு ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுத்தான். பிறகு என்னோடு ஏழு வீடு நடந்து வந்தான். மூட்டுவலிக்காரன்.

இருபத்தொன்பது கிடைத்திருக்கின்றன. மீரா லீவை நீட்டிக்கொண்டு உன் கட்டிலில் அவற்றைத் தேதி வாரியாகப் பரப்பினாள். முன்பக்கத்துத் தேதிதான் பக்க எண். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நாளாக ஆக ஆங்கிலம் குறைந்து தமிழ் கூடியிருந்தது. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கொக்கு மணின்னா என்ன?"

அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன் ஆயி. அது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த நேரம். சாயங்காலம் கொக்குகள் வயலை விட்டுக் கிளம்புகிற நேரம். நீ எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நேரத்துக்குத்தான் போன் செய்வாய். "கொக்கு மணிக்குப் பேசுறேன்ப்பா" என்பாய். கடிகாரத்தில் அது எத்தனை மணி என்று நாம் முடிவு செய்ததே இல்லை.

உன் கடைசி அத்தியாயத்தின் கேள்வி அதுதானாம். மீரா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அர்த்தம் இரண்டு பேருக்கு நடுவில்தான் நிற்கிறது என்று வாழ்நாளெல்லாம் வாதாடினாய். சரி. இரண்டே பேர் பேசிய ஒரு சொல். அதில் ஒருவர் போய்விட்டார். மிஞ்சியவர் அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு அர்த்தம் உண்டா, வெறும் சத்தமா? மிஞ்சப் போகிறவர் நான் என்று தெரிந்துகொண்டு, கட்டிலில் படுத்தபடி இதைக் கேட்டிருக்கிறாய். கேள்வி இருக்கிற தாள் சரோஜாவின் பெருங்காய டப்பாவில் கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

பதில் ஏன் இல்லை என்றும் சொல்கிறேன். அந்தத் தாள் கட்டின் மேலே இருந்தவை நீ கடைசியாக எழுதியவை. அவைதான் முதலில் மடிக்கப்பட்டன, கரையில் முதலில் கொடுக்கப்பட்டன. முதலில் கை நீட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள். பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள். ஒரு பெண் நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். "தோட்டம் ஏது அங்கிள் இங்க, மாடியில ஒரு தொட்டி இருக்கு" என்று பாகல் செடியைக் காட்டினாள். தாள் குப்பையில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் செடியின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, அவள் பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர், "எங்க போகணும் பெரியவரே?" என்றார். எனக்கு ஊர்ப் பேர் வாயில் வரவில்லை. அவர் இரண்டு தடவை கேட்டார். பின்னால் இருந்தவர் எனக்காகச் சொன்னார்.

என்ன எழுதினாய் ஆயி? உண்டு என்றா, இல்லை என்றா? நேற்றுக் கொக்குகள் கிளம்பியபோது கொல்லையில் நின்று அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு இருபது வருஷம் பிடித்த விஷயம் எனக்கு ஒரு சாயங்காலத்தில் விளங்கிவிடுமா? ஆனால் எனக்கு இருபது வருஷம் இல்லையே.

பதில் இல்லாமலே அச்சடிக்கலாம் என்று பதிப்பகத்தார் சொல்கிறார்களாம். 'இவ்விடத்தில் கையெழுத்துப் பிரதி முடிகிறது' என்று ஒரு வரி போட்டால் போதுமாம். மீரா தை வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுவோம் என்று சொன்னதும் அவள்தான். ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆடிப்பெருக்குக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஒரு வழுக்கைத் தலைக் கிழவன் கையால் விதைப் பொட்டலம் வாங்கியிருந்தீர்களா? விதை உங்களுக்கு. தாள் இருந்தால், கசங்கியிருந்தாலும், பாதிதான் இருந்தாலும், பத்திரிகைக்குத் தகவல் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சம்பா நாற்று பறிக்கிற நேரம் இது. வயலைக் கோவிந்தராசு பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வேளாங்கண்ணிப் பக்கம் போகிறேன். அங்கே இருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு பொட்டலம் வாங்கியதாகச் சரோஜாவுக்கு ஞாபகம். அதற்கப்புறம் வேறு ஊர். தை வரைக்கும் நடப்பேன். தை கழிந்தாலும் நடப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. கிடைத்தால் மீராவைக்கூட முதலில் படிக்க விடமாட்டேன். எழுத்துக் கூட்டியாவது நானே படிப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, பத்திரிகையில் வந்தால் வரட்டும். இதுவரை மீராவிடம் சொல்லவில்லை, கோவிந்தராசுவிடம் சொல்லவில்லை, உன் படத்தின் முன்னால் நின்றுகூட வாய் திறக்கவில்லை. மாசியிலிருந்து வைகாசி வரை உன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இருக்கிற நாளெல்லாம் என்னோடு பேசுவாய் என்று நினைத்திருந்தேன். நீ தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் வேண்டுமா என்றால் பென்சில் கேட்டாய். என்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாள்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். தெரியாமல் மடிக்கவில்லை ஆயி. உன் எழுத்து என்று தெரிந்துதான், ஒவ்வொன்றாக, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்தேன்.

உன்னைப் பெற்ற,
அப்பா