நூற்றைம்பது தாங்கும் என்றேன்

4 செப்டம்பர் 2024, புதன்

விஜயபாண்டி பட்டாளத்திலிருந்து லீவில் வந்து மூன்று நாளாகிறது. எப்போதும் வந்த அன்றே காரை என் மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஒன்பது வருடமாக அந்த வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை. இன்று பஞ்சு மார்க்கெட்டில் பார்த்தேன், நடந்து வந்துகொண்டிருந்தான்.

“வண்டி அழகுராஜாட்ட நிக்குண்ணே. இஞ்சினுக்குப் பவர் ஏத்த டர்போ மாட்டுதான்.”

சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ!

அழகுராஜாவும் நானும் ஒரே கார் சர்வீஸ் சென்டரில் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். முதலில் விலகி ராஜபாளையத்தில் ஷெட் போட்டவன் நான். அவன் போன வருடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டான். என் போர்டில் ‘காசிராஜன்’ என்பதில் பாதி வெயிலில் வெளுத்துவிட்டது. அவன் போர்டில் விளக்கு ஓடுகிறது.

8 செப்டம்பர், ஞாயிறு

என் வீட்டுக்காரி வெள்ளத்தாய் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து அழகுராஜாவின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தத் தம்பி எம்புட்டுத் தெளிவாச் சொல்லுதாரு பாருங்க. கார் ஓட்டத் தெரியாத எனக்கே புரியுது.”

நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் அவன் சொன்னது நான் அவனுக்குச் சொன்ன விஷயம். “எங்க அண்ணன் ஒருத்தர் சொல்லுவாரு” என்கிறான். பெயர் இல்லை. பெயர் சொல்லியிருந்தால் மட்டும் எனக்கு ஆறியிருக்குமா?

சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அவளிடம் கத்தினேன். உப்பு இருந்தது.

13 செப்டம்பர், வெள்ளி

அழகுராஜா போன் செய்தான்.

“அண்ணே, விஜயபாண்டி வண்டி இஞ்சின ஒங்க அளவுக்குத் தொறந்து பாத்தவுக இந்தப் பக்கம் யாருமில்ல. கம்பெனி குடுத்தது எண்பத்திரெண்டு எச்பி. உள்ள ஒண்ணும் மாத்தாம, டர்போ மட்டும் வச்சு நூத்தம்பது எடுக்கலாமா? தாங்குமா?”

தாங்காது. எனக்குத் தெரியும். நூற்றுப்பதினைந்து வரை பயமில்லாமல் ஓட்டலாம். அதற்கு மேல் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு நிற்காது. இந்த இஞ்சினில் அது அவ்வளவு மெலிசு. அதிலும் குறைந்த வேகத்திலேயே டர்போ முழு மூச்சாகத் தள்ளினால் சீக்கிரமே வளையும். நூற்றுமுப்பதில் வளைந்த ராடை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன்.

“தாங்கும்லே. கெட்டியாத்தான் போட்டிருக்கான்” என்றேன்.

“ஒங்க வாய்ல வந்தாப் போதும்ணே.”

14 செப்டம்பர்

போன் செய்து சொல்லிவிடலாம். செய்யவில்லை.

22 செப்டம்பர், ஞாயிறு

விஜயபாண்டி காரோடு வந்து ஏறச் சொன்னான். ஆலங்குளம் ரோட்டில் மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய வண்டியா இது! ஒரு தட்டல் சத்தம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒரு குறை அகப்படவில்லை.

“எப்பிடிண்ணே, நம்ம அழகுராஜா வேல?”

“நல்லாருக்கு.”

ஒருவேளை என் கணக்குத்தான் தப்போ? அப்படியென்றால் அவன் பிழைத்தான், நான் யார்? வண்டி ஓடட்டும் என்று நினைத்தேனா, உடையட்டும் என்று நினைத்தேனா? உண்மையை எழுத வேறு இடம் இல்லை. உடையட்டும் என்றுதான்.

28 செப்டம்பர், சனி

உடைந்துவிட்டது.

லேப்டாப்பை இஞ்சினோடு இணைத்து ஏதோ சரிபார்க்க அழகுராஜா தனியாக எடுத்துப் போயிருக்கிறான். கிருஷ்ணன்கோவில் தாண்டி ராடு முறிந்து இஞ்சினைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. கொட்டின ஆயிலில் டயர் வழுக்கி, வண்டி சுழன்று பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை.

இன்று புரட்டாசி சனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க அந்த ரோடு முழுக்கச் சனம், கைப்பிள்ளையோடு. அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் —

அய்யோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன். ஒத்த வார்த்தை. தாங்காதுலேன்னு ஒத்த வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலையே.

2 அக்டோபர், புதன்

விஜயபாண்டி இஞ்சினை என் ஷெட்டிலேயே கொண்டுவந்து இறக்கினான். “அவன் என்ன தப்பு பண்ணுனான்னு நீங்கதாம்ணே பாத்துச் சொல்லணும். ஊர்ல ஆளுக்கொண்ணு பேசுதாக.”

திறந்தேன். பக்கவாட்டில் கை நுழைகிற ஓட்டை. ஆனால் பிஸ்டன்களின் தலை சுத்தமாக இருக்கிறது, எங்கும் உருகவில்லை. பெட்ரோல் அளவு, பைப், கிளாம்ப், ஒவ்வொன்றும் கச்சிதம். என்னால் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. அப்போதும் வயிறு எரிந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

“அவன் வேலைல குத்தமில்ல. நூத்தம்பது தாங்கும்னு அவன்ட்டச் சொன்னது நான். தாங்காதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“ஏண்ணே?”

அவன் வண்டி பிடித்து இஞ்சினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான்.

6 அக்டோபர், ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அழகுராஜா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறக்குமுன்னே, “விஜயபாண்டி சொன்னான்” என்றான்.

திட்டுவான் என்று போனேன். திட்டவில்லை.

“நானும் ஒருவாட்டி தொறந்து பாத்திருக்கணும்ணே. நீங்க சொன்ன பொறவு பாக்க என்ன இருக்குன்னு விட்டுட்டேன்.”

அவன் பெண்டாட்டி கொண்டுவந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது ராஜபாளையம் வந்ததே தெரியவில்லை. கண்டக்டர்தான் இறக்கிவிட்டார்.

17 நவம்பர், ஞாயிறு

ஸ்பேர்ஸ் கடையில் அழகுராஜாவைப் பார்த்தேன். கை சரியாகிவிட்டது. வேறொரு வண்டிக்கு டர்போ வைக்கிறான் போல. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு அட்டையில் குறித்துக்கொண்டிருந்தான். “சரிண்ணே... அதுக்கு மேல போக மாட்டேண்ணே... நீங்க சொன்னாச் சரிதாம்ணே.”

என்னைப் பார்த்ததும் தலையை அசைத்தான். மரியாதையாகத்தான்.

பேசி முடித்ததும், யார் என்று கேட்டேன்.

“கோயம்புத்தூர்ல ஒரு அண்ணன். வெவரமானவரு.”

அவன் குறித்துக்கொண்டது எந்த இஞ்சின் என்று அட்டையிலேயே பார்த்துவிட்டேன். எனக்கு அத்துப்படியான இஞ்சின். அவன் என்னிடம் கேட்கவில்லை. ஆயில் சீலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யார் அந்தக் கோயம்புத்தூர்க்காரன்? எத்தனை இஞ்சின் திறந்து பார்த்திருப்பான்?