சூடு தெரியாத கால்

ராஜபாளையம்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பாலகணேசுக்கு, அம்மா எழுதுகிறேன். நீ நிற்கிற பனிமலையில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அய்யனார் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி யோகேஸ்வரியும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதிப் பழகிய கை அல்லவா, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதப் போவதில்லை. உட்கார்ந்து படி. பக்கத்தில் கூட்டாளிகள் இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படி. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அப்பாதான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், எல்லாரும் நல்லா இருக்கோம் நீ பத்திரமா இருய்யா என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்து என் கைக்கு வருவதற்குள் லைன் போய்விடுகிறது. போன வாரம் பிடுங்கியே பார்த்துவிட்டேன், அலோ அலோ என்று நான் கத்தியதுதான் மிச்சம். அதனால்தான் உன் கூட இருக்கிற சுந்தரபாண்டியம் ராம்குமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திருவில்லிபுத்தூரில் ரயில் ஏறுகிறான் என்றதும் அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உன் கையில் கொடுத்து நீ படித்து முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் இங்கேயும் குளிர் சும்மா இல்லை. விடிகாலையில் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஓட்டு இடுக்கில் புகுந்து எலும்பைத் தொடுகிறது, தெருவே இருமுகிறது, எனக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது. நீ இதெல்லாம் ஒரு குளிரா என்பாய். கார்த்திகை ஒன்றாம் தேதி அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். வருஷா வருஷம் போடுவதுதான், இந்த வருஷம் நீ மேலே போஸ்டுக்கு ஏறிய செய்தி வந்த கையோடு உன் பேரைச் சொல்லிப் போட்டார். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். அப்பாவுக்குச் சுகர் இருப்பது உனக்குத் தெரியும், செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததும் தெரியும். மாலை போட்டவர் செருப்புப் போடுவாரா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிற தறிக்கூடத்திலும் வெறுங்கால்தான், விடிகாலையில் தெருக்குழாயில் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு வருவதும் வெறுங்கால்தான். குருசாமியே வீடு தேடி வந்து அப்பாவிடம், சமுத்திரம், சுகர் உள்ளவன் செருப்புப் போட்டா ஐயப்பன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. போதாததற்கு மாத்திரையையும் நிறுத்திவிட்டார், ஒருவேளைதான சாப்பிடுதேன் சுகரு எங்குட்டு ஏறும் என்று என்னிடம் நியாயம் வேறு பேசினார்.

மார்கழி பிறந்ததிலிருந்து, கால் ஐஸா இருக்கு பரிபூரணம், என்னமோ அடுத்தவன் கால் மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தொட்டுப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். பனிக்காலத்தில் நம் வீடுகளில் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். வெந்நீர் அடுப்பில் செங்கல்லைச் சுடப் போட்டு, சாக்கில் சுற்றி, அதன் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார். சொகமா இருக்கா என்று கேட்டால், சூடே தெரியலட்டி, கல்ல இன்னும் செத்த நேரம் அடுப்புல போட்டுருக்கணும் என்பார். ஒரு நாள் அப்படிக் கல்லில் காலை வைத்திருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். கருகல் வாசம் வந்தது. சாக்கு கருகுது பாருங்க, காலை எடுங்க என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, நான் வந்து காலைத் தூக்குகிற வரைக்கும் காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்தார். கருகியது சாக்கு இல்லை ராசா. உள்ளங்கால் தோல் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் அவருக்கு வலிக்கவில்லை, என்னட்டி இப்படி முழிக்க என்று என்னைக் கேட்டார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் புண்ணோடு போயிருக்கும். இருமுடி கட்டுகிற நேரம், படி ஏறிட்டு வந்து பாத்துக்கலாம், வலியே இல்லாத புண்ணுக்கு என்ன ஆஸ்பத்திரி என்று மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்துப் பூசி, தறியில் வெட்டிய துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நானும் யோகேஸ்வரியும் அழுது பார்த்தோம், சண்டை போட்டும் பார்த்தோம். திரும்பி வந்தபோது பாதம் கறுத்து வாடை வந்தது. மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலை எடுக்காவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தாயிற்று பாலகணேசு. உன் அப்பாவுக்கு இப்போது ஒரு கால்தான். நீ போனில் கேட்கிற அந்த நல்லா இருக்கோம் கட்டிலில் படுத்தபடி சொல்கிறதுதான். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் வாக்கு, பனியில நிக்கிற புள்ளைக்கு இது தெரியக் கூடாது, சத்தியம் பண்ணுங்க என்பது. நானும் யோகேஸ்வரியும் அவர் கையில் அடித்துக் கொடுத்தோம். இப்போது நான் அந்தச் சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். எதற்காக என்பதற்குத்தான் வருகிறேன்.

அப்பா இருக்கிற நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆள்தான் ஆறவில்லை. ஜன்னலைத் திறக்க விடமாட்டேன் என்கிறார். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடக்கிறார், ஊசி போட வந்தால் இனிமே என்னத்துக்கு என்கிறார். இல்லாத காலில் விரல் அரிக்கிறது என்று சொல்கிறார். நான் தினமும் வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் மற்றக் காலைத் துடைக்கிறேன், விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். சுகர்காரர்களுக்கென்று விற்கிற மெத்துச் செருப்பு வாங்கப் போனேன். ஒற்றைச் செருப்பாகத் தர மாட்டார்களாம். ஜோடியாக வாங்கி வந்து ஒன்றை அவர் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை, தீருகிற கோபமாகவும் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் சோறு ஊட்டுகிறேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன வாரம் ராம்குமார் எங்களைப் பார்க்க வந்தான். அப்பா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார், அவனும் நம்பிவிட்டான். காப்பி போட நான் அடுப்படிக்குப் போனதும் பின்னாலேயே வந்து, அங்கே நீங்கள் சாப்பிடுவது தூங்குவது எல்லாம் கதையாகச் சொன்னான். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே, பாலகணேசு ஸ்டவ் பக்கத்துல கால நீட்டுனான்னா எடுக்கவே மாட்டான்ம்மா, சாக்ஸ் கருகுற வாசம் நாங்க புடிச்சு, ஏலே கால எடுலேன்னு கத்துன பொறவுதான் எடுப்பான் என்றான். என் கையில் இருந்த பால் சட்டி அடுப்பு மேலேயே கவிழ்ந்துவிட்டது. அவன் பதறிப் போனான், நான் விடவில்லை, தோண்டித் தோண்டிக் கேட்டேன். மறைக்கப் பார்த்தவன் அப்புறம் சொல்லிவிட்டான். உன் காலில் இரண்டு விரல் வெளுத்துப்போய், கிள்ளினாலும் தெரியாமல் கிடக்கிறது. டாக்டரிடம் காட்டினால் கீழே அனுப்பிவிடுவார்கள், நாயக் பதவி உயர்வுக்கான கோர்ஸ் கைவிட்டுப் போய்விடும் என்று நீ அவன் வாயையும் அடைத்து வைத்திருக்கிறாய். உன் அப்பா மகன் அல்லவா நீ, வேறு எப்படி இருப்பாய். அவருக்குப் பதினெட்டாம் படி, உனக்கு நாயக் பட்டை.

மறுநாள் அப்பாவுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மாவிடம் உன் விஷயத்தைக் கேட்டேன். அவர் கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். மரத்துப்போன விரலை நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாதாம், சூடு தெரியாத இடத்தில் வெந்தாலும் தெரியாதாம். பனியில் மரத்தது என்று கையால் தேய்க்கவும் கூடாதாம், உள்ளே இருக்கிற சதை நைந்துபோகுமாம். ஒரு தடவை சூடாகி மறுபடி உறைந்தால் அது இன்னும் மோசமாம். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அங்க மிலிட்டரி டாக்டர் இருப்பாங்கல்ல, இன்னைக்கே காட்டச் சொல்லுங்கம்மா, நாளைக்குன்னு சொன்னா கேக்காதீங்க என்றார். நான் உனக்கு அனுப்புகிற பையில் சுக்குமல்லிப் பொடி இருக்கிறது, உதட்டுக்குப் பூச வெண்ணெய் உருக்கி வைத்திருக்கிறேன், அரை டஜன் கம்பளி சாக்ஸ் இருக்கிறது, ஈரமானதைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டு, இறுக்கி மாட்டாதே. நல்லெண்ணெய் மட்டும் வைக்கவில்லை, நீ அதைக் காலில் போட்டுத் தேய்ப்பாய் என்று பயம். கம்பளியும் சுக்கும் சும்மா குளிர் தாங்கத்தான். உனக்கு இப்போது தேவை டாக்டர். கீழே அனுப்பினால் இறங்கு. கோர்ஸ் போனால் போகட்டும். நாயக் ஆகாமல் ஊருக்கு வருகிற மகனுக்கு நான் ஆரத்தி எடுப்பேன், கட்டையை ஊன்றிக்கொண்டு வருகிற இன்னொருவரைப் பார்க்க என்னிடம் தெம்பு இல்லை. இதற்கு மேல் எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்றைக்கு மத்தியானம் மிச்சத்தை எழுத உட்கார்ந்தபோது அப்பா பார்த்துவிட்டார். யாருக்கு எழுதுத என்றார். உங்க மகனுக்குத்தான் என்றேன். என் காலைப் பத்தி எழுதிறாதட்டி, நீ சத்தியம் பண்ணியிருக்க என்றார். எழுதியாச்சு என்றேன். கையில் கிடைத்த டம்ளரை எடுத்து எறிந்தார், வாய்க்கு வந்தபடி வைதார், நான் வாங்கிக்கொண்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு, அவன் காலும் மரத்துக் கெடக்கு, அடுப்புல வச்சு வாட்டுதானாம், ஒங்க மாதிரியே யார்ட்டயும் காட்ட மாட்டேங்கான் என்று சொன்னேன். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு, எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை, இன்றைக்குப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். சாயங்காலம் யோகேஸ்வரி மில்லிலிருந்து வந்ததும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார், வேட்டியைத் தானே விலக்கிவிட்டு, வெளிச்சத்துல நல்லாத் தெரியுற மாதிரி எடு, கிட்டப் போயி எடு, தையல் போட்ட எடம் விழணும் என்றார். இரண்டு தடவை படம் கலங்கிவிட்டது, மூன்றாவதுதான் சரியாக வந்தது. ராத்திரிக்குள் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கி வரச் சொல்லி விரட்டினார். அந்தப் போட்டோதான் இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருப்பது. அதைப் பார். மனசு தாங்காது என்று திருப்பி வைத்துவிடாதே, அப்பா காட்டச் சொன்னார், முழுசாகப் பார். பார்த்துவிட்டு பூட்ஸைக் கழற்று, உன் காலைப் பார், அப்படியே எழுந்து டாக்டரிடம் போ.

நீ இரண்டு காலும் பத்து விரலுமாக நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று ஆண்டாள் தாயாரைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ராம்குமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ டாக்டரிடம் போகாவிட்டால் அவன் போய்ச் சொல்லிவிடுவான், அதற்காக அவனோடு சண்டை பிடிக்காதே, சண்டை என்னோடு வைத்துக்கொள்.

உன் அம்மா,
ச. பரிபூரணம்.