இருபதுக்கு மூன்று குறைவு

தாரண வருஷம், தை 9

இன்று ஒல்லாந்துக்காரர் கச்சேரியில் காகிதம் கொடுத்தார்கள். ஒருபக்கம் எழுதித் தீர்ந்த ஒல்லாந்துக் காகிதம், வருஷத்துக்கு ஒரு கட்டு. துறையில் இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதத்தான் தருகிறார்கள். எண்ணியது போக மிஞ்சுவதில் என் புலம்பலை எழுதுகிறேன். நான் படகுக்காரர்களுக்குத் தண்டல், அதாவது மேலாள். மாசம் ஆறு ரூபாய், வருஷத்துக்கு இரண்டு வேட்டி, இந்தக் கட்டு. "வலைக்காரன் வூட்ல பொறந்துட்டு இன்னாய்யா எழுதிக் கிழிக்கிற?" என்கிறாள் காசியம்மாள். கட்டிய நாளாய் இதே கேள்வி.

மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போவதற்கு முன்னால் பத்து வருஷம் வேலை பார்த்தேன். ஒல்லாந்துக்காரர் திரும்பி வந்தபின் ஏழு. பழையதும் சேரும் என்று துரை அன்றே சொல்லிவிட்டார். இருபது ஆகிவிட்டால் சாகும்வரை மாசம் மூன்று ரூபாய், உட்கார்ந்த இடத்தில். இன்னும் மூன்று வருஷம். வயது ஐம்பத்தாறு. முழங்கால் தாங்குமா? தாங்கித்தான் ஆகணும்.

தை 27

உப்புப் படகில் மகன் வேலுவின் கடிதம் வந்தது. சென்னப்பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் இங்கிலீஷ் புஸ்தகம் முடித்துவிட்டானாம். இன்னும் ஒன்றரை வருஷம் படித்தால் கச்சேரியில் எழுத்து வேலை கிடைக்கும் என்று வாத்தியார் சொன்னாராம். செருப்பு கேட்டிருக்கிறான். எங்கள் கோட்டைக்குப்பத்துப் பிள்ளை காலுக்குச் செருப்பு! வாங்கத்தான் வேண்டும்.

படிப்புக்கும் சாப்பாட்டுக்குமாக என் சம்பளத்தில் பாதி அவனுக்கே போகிறது. போகட்டும். இருப்பது ஒரே பிள்ளை. அவனை நான் தண்ணீரில் இறக்கியதே இல்லை. ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு வலை வீசத் தெரியாது என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டுமே, எனக்கென்ன?

மாசி 6

துரை கச்சேரியில் எழுதுகிற அந்தோணிசாமியின் முகம் சரியில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்.

மாசி 19

ஒன்றுமில்லையாம்! ஊரையே கொடுத்துவிட்டார்கள். சண்டை கிடையாது, பீரங்கி கிடையாது. கடலுக்கு அப்பால் எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வைகாசியில் கொடி இறங்கும், பழவேற்காடு இங்கிலீஷ்காரருக்கு. "இதுக்கு ஈடா வேற எங்கியோ எடம் வாங்கிக்கினாங்களாம், அண்ணே" என்றான் அந்தோணிசாமி.

"என் மூணு வருஷம்?"

"கேட்டுட்டேன். இருவதுக்குத்தான் சட்டம் கீது. பதினேழுக்கு இல்லியாம்."

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பங்குனி 3

சொன்னேன். காசியம்மாள் அழவில்லை. மீன் அலசிக்கொண்டே சொன்னாள்: "அரசனை நம்பிப் புருஷனைக் கைவுட்டவ கதைதான். பாட்டை வுட்டியே, பாவி."

அவள் சொல்வது உண்மை. ஏரியில் இறால் விழுகிற இடங்களைப் பாடு என்போம். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்று வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் குடத்தில் ஓலைச்சீட்டு எடுப்பார்கள். பேர் உள்ளவனுக்கே சீட்டு. கிழடு தட்டினால் அப்பன் பேரில் மகன் இறங்குவான், அப்பனுக்குக் கஞ்சி உண்டு. எங்கள் ஊரில் வயசுகாலத்துக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

கூலிக்குப் போகிறவன் பேர் சீட்டில் சும்மா நிற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் ஏழு வருஷத்துக்கு முன்னால், தண்டல் வேலை ஏற்றபோது, என் பேரைத் தம்பி தாமோதரனுக்கு விட்டேன். ஊர்ப் பெரியதனக்காரர் வேதாசலம் அப்போதே கேட்டார். "யோசிச்சுக்கோ நீலமேகம். வுட்ட பேரு திரும்பாது." நான் சிரித்தேன். இருபது வருஷத்துக்கு மாசம் மூன்று ரூபாய் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதம் என் மடியில் இருந்ததே! முட்டாள். வடிகட்டின முட்டாள்.

பங்குனி 11

மானத்தை விட்டு, பேரைத் திருப்பிக் கேட்கத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அதுல என் பெரியவன் எறங்கிகினு கீறான். அவனுக்கும் கண்ணாலம் பேசியாச்சு. கரையேறுடான்னு எப்டிச் சொல்லுவேன், நீயே சொல்லு" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். "வலை இழுக்க வேணா வா. கூலி தரேன்."

என் பாட்டில் எனக்குக் கூலி! அவன் பெண்டாட்டி போட்ட சோற்றையும் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

வழியில் வேதாசலம் நிறுத்தினார். புதுப்பேர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் சேர்ப்பார்கள், அது இந்த வருஷம். "உன் புள்ள வந்து நின்னு, அவன் கையால சீட்டு எடுக்கணும். ஆனி மொத வெள்ளி. வுட்டா அஞ்சு வருஷம்."

பார்த்திப வருஷம், சித்திரை 14

அவனை வரச்சொல்ல மாட்டேன். முடிவு செய்துவிட்டேன். ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது, அதை அறுத்து அவனைச் சேற்றில் இறக்குவதா? அதற்கா பெற்றேன்?

"அவன் படிச்சு முடிக்கிற வரைக்கும் நாம இன்னா, காத்தைத் துன்றதா?" என்கிறாள் காசியம்மாள். இறால் உலர்த்துகிற கூலிக்கு அவள் போகத் தொடங்கி நாலு நாள் ஆகிறது. முதுகை நிமிர்த்த முடியவில்லை. எனக்கு முன்னால் நிமிர்ந்து காட்டுகிறாள்.

வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியை விற்றேன். ஆறு மாசப் படிப்புக்கு ஆகும். அப்புறம்? தெரியவில்லை.

வைகாசி 21

கொடியை இறக்கிவிட்டார்கள். இடிந்து கிடக்கிற கோட்டைப் பக்கம் பத்துப் பேர்கூட வேடிக்கை பார்க்க வரவில்லை. துரை என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். "நல்ல வேலைக்காரன்னு சொல்றாரு, அண்ணே" என்றான் அந்தோணிசாமி. நல்ல வேலைக்காரன். சரி. அதை உலையில் போட்டால் வேகுமா?

இனிமேல் எதுவானாலும் புதுக் கச்சேரியில் கேட்கச் சொன்னார்கள். அந்தோணிசாமி பரிதாபப்பட்டுத் தமிழில் ஒரு அர்ஜி எழுதிக் கொடுத்தான். பதினேழு வருஷம் உழைத்தவன், மீதி மூன்றைத் தயவு செய்து மன்னிக்கணும் என்று. நான் என்ன குற்றமா செய்தேன், மன்னிக்க?

வைகாசி 30

காகிதம் இனி வராது. நாலு தாள் இருக்கிறது. பொடியாக எழுத வேண்டும்.

ஆனி 6, வெள்ளி

சீட்டு எடுக்கிற இடத்துக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். கால் கேட்கவில்லை, போனேன். வரிசையில் வேலு நிற்கிறான். கையில் செருப்பு.

"எவன்டா ஒன்னை வரச்சொன்னது?" என்று ஊர் முன்னால் கத்தினேன்.

"அம்மா சொல்லி அனுப்பிச்சு. நீ சொல்லமாட்டேன்னும் சொல்லி அனுப்பிச்சு" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். காசியம்மாள் பெண்கள் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளிப் பயம் இல்லை.

"தம்பி, வலை இழுக்கத் தெரியுமா?" என்றார் வேதாசலம்.

"தெரியாது. கத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குடத்தில் கைவிட்டான். கடல்தண்ணீர் எட்டிப்பார்க்காத வடக்குச் சேற்றுப் பாடு விழுந்தது. யாரும் விரும்பாத இடம். பத்து நாளுக்கு ஒரு முறை. தோணிக்குத் தாமோதரனிடம்தான் போய் நிற்க வேண்டும். நம்முடையதைத்தான் நான் விற்றுத் தொலைத்தேனே.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா.

ஆடி 18

வேலுவின் உள்ளங்கை உரிந்துவிட்டது. உப்புத்தண்ணீர் பட்டால் பல்லைக் கடிக்கிறான். இது கடைசித் தாள்.

புரட்டாசி 4

காகிதம் தீர்ந்து ஒன்றரை மாசம் ஆகிறது. இதை எழுதுகிற தாள் இன்றுதான் வந்தது.

அர்ஜிக்குப் பதில். அந்தோணிசாமி கொண்டுவந்தான். இங்கிலீஷில் இருந்தது, அவனுக்கு ஒல்லாந்து எழுத்துத்தான் தெரியும். கோட்டைக்குப்பத்தில் இதைப் படிக்கக்கூடியவன் ஒரே ஒருவன். அவன் கரையில் சேறு கழுவிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன்.

ஈரம் படாமல் விரல்நுனியால் பிடித்துக்கொண்டு படித்தான். என் மகன் இங்கிலீஷ் படித்து நான் கேட்டதே இல்லை. எங்கும் தட்டவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. காசியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்புறம் தமிழில் சொன்னான். "இருவது வருஷம் ஆவலியாம், நைனா. மூணு கொறையுதாம். கொடுக்க வழியில்லன்னு எழுதிக்கீது."

"இன்னொரு தரம் படி."

"அதேதான் நைனா."

"தமிழ்ல வேணாம். இங்கிலீஷ்ல படி."

என்னை ஒருமுறை பார்த்தான். முதல் எழுத்திலிருந்து கையெழுத்து வரைக்கும் மறுபடியும் படித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிறகு தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினான். "பின்பக்கம் வெள்ளையா கீது. நீ எழுதிக்கோ."

நாளைக்கு எங்கள் முறை. தோணி தருவதாகத் தாமோதரன் சொல்லியிருக்கிறான்.