எட்டுப் பேரில் ஒருத்தி

ஆவணி 12, வியாழன், இரவு

சினிமாவில் பாடப் போகிறேன் என்று போன வருடம் சென்னைக்குப் போன மீனாள், கோரஸ் பாடிய முதல் பாட்டை இன்று காலை அனுப்பியிருந்தாள். எட்டுப் பேர் சேர்ந்து பாடியது. கடையில் உட்கார்ந்து நாலு தடவை கேட்டேன். அவள் குரல் எனக்குக் கிடைக்கவேயில்லை.

காரைக்குடியில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் பாடியவள். மைக் செட் என்னுடையது. ஆத்தங்குடித் திருவிழாவில் அவள் மேடையேறினால் ஒலியைக் குறைத்துவைப்பேன். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். அந்தக் குரலை அமுக்கிவிட்டார்களே என்று பகலெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊருக்கே வந்துவிடு என்று சொல்லத்தான் சாயங்காலம் போன் செய்தேன்.

“கேட்டீகளாண்ணே? என் கொரல் தெரிஞ்சுச்சா?”

“இல்லத்தா. நீ எங்குட்டு இருக்கன்னே தெரியல.”

சிரித்தாள். “தெரிஞ்சிருந்தா மறுக்கா என்னையக் கூப்பிட மாட்டாகண்ணே. மொதல்ல என் கொரல் மட்டும் தனியாத் துருத்துதுன்னு வெளிய உக்கார வச்சாக. எட்டுப் பேரும் ஒரே ஆள் மாதிரி கேக்கணும். இப்பத்தான் படிஞ்சிருக்கு.”

சொல்ல வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் பட்டனைத் திருகிக் குறைத்ததை அவள் தொண்டையிலேயே குறைத்திருக்கிறாள்.

சாப்பிட்ட பிறகு ஹெட்போன் மாட்டி இன்னொரு தடவை கேட்டேன். அவள் இருமினாலே அடையாளம் தெரிகிற காது இது. அகப்படவில்லை.

கெட்டிக்காரி.