நாளைக்கு வாங்கம்மா

அன்புத் தம்பி ஜெயரூபனுக்கு,

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து அக்கா விஜயலெட்சுமி எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். நீ சுகமில்லைன்னு எனக்கே தெரியும், அதனால கேட்கல. போன் எடுத்தா "கந்தோர்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்"னு வச்சிடுற. கடுதாசியை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழை பெஞ்சு தேயிலைக் கொழுந்து நிறைய இருக்கு, எடுக்கத்தான் ஆள் பத்தல.

செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்க, நீ வேலை செய்ற பிரதேச சபைக் கந்தோருக்கு வந்தேன். ஆமாடா, வந்தேன். வேலைக்குப் போகாம, ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கிட்டு பஸ் மாறி வந்தேன். அக்கான்னு சொல்லி உள்ள நுழையக் கூச்சமா இருந்துச்சு, வரிசையிலேயே நின்னேன். எனக்கு முன்னால ஒரு பெரியவர், "எங்க லயத்து வீட்டுப் பாதைக்கு இன்னும் விளக்கு வரலைங்க"ன்னு மெதுவா சொன்னார். "எத்தனை தடவை சொல்றது, காது கேட்காதா?"ன்னு நீ கத்துன. அவர் "சரிங்க தொரை"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டார். உன்னைப் போய் தொரைன்னாரு! நம்ம அப்பா தோட்டத்து அதிகாரிங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே முதுகு வளைஞ்சவர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு.

அடுத்தது நான். தலையைக் கூட நிமிர்த்தாம "நாளைக்கு வாங்கம்மா"ன்னு சொன்ன. ஓங்கி ஒண்ணு வைக்கலாம்னுதான் நினைச்சேன். உன்னைச் சுத்திக் குவிஞ்சு கிடந்த ஃபைலுங்களைப் பார்த்துட்டு, வாசல் பக்கம் திரும்பிட்டேன்.

சாப்பாட்டை வாசல்ல இருந்த பியோன் மர்ஸூக் ஐயாகிட்டதான் குடுத்தேன். யார் குடுத்ததுன்னு சொல்ல வேணாம்னேன். நல்ல மனுசன், அவர் சொல்லித்தான் எல்லாம் தெரியும். மாத்தலாகிப் போனவங்க இடத்துக்கு ஆளே போடலையாம், மூணு மேசை வேலை உன் ஒருத்தன் தலையிலயாம். தமிழ் தெரிஞ்சவன் நீ மட்டும்தான்னு, எந்த வேலையா வந்தாலும் நம்ம ஆளுங்களை உன்கிட்டயே தள்ளிவிடுறாங்களாம். தூக்கம் கெட்டுப்போய், தோட்டத்தோட மேல் டிவிசனுக்குப் போக வேண்டிய விளக்கைக் கீழ் டிவிசன்னு நீ எழுதிட்டியாம். ஏன் இப்படின்னு மேலிடத்துல விளக்கமும் கேட்டிருக்காங்களாம், இன்னொரு தப்பு வந்தா வேலையே போயிருமாம். அந்தப் பெரியவர் கேட்டதும் அதே விளக்கைத்தானாம். தப்பு உன்னோடது, ஏச்சு அவருக்கு.

இந்த லயத்துல கவுருமெண்டு வேலைக்குப் போன முதல் ஆள்னு எல்லாரும் உன்னைத் தூக்கி வச்சு ஆடுறோம். முடியலைன்னு சொன்னா எங்க முகம் வாடிரும்னுதானே வாயை மூடிக்கிட்டு இருக்க? வாடட்டும்டா. வாடுன முகம் நாலு நாள்ல சரியாகிரும். உன் மேலதிகாரிகிட்ட நேரா போய் முடியலைன்னு சொல்லு, ஆள் கேளு. டாக்டரைப் பாரு. நம்ம ஆளுங்களுக்காக ஒருத்தன் அங்க இருக்கணும்தான், அதுக்காக நீ செத்துச் சுண்ணாம்பாக வேணாம்.

அந்தப் பெரியவர் மறுபடியும் வருவார், விளக்கு வேணுமே அவருக்கு. வந்தா உட்காரச் சொல்லு. தப்பு என்னோடதுன்னு சொல்லு. நீயும் தோட்டத்துப் பிள்ளைதான்னு சொல்லு, தொரைன்னு கூப்பிட விடாத.

அப்புறம் லீவு போட்டுட்டு வீட்டுக்கு வா. வேலையோட வந்தாலும் சரி, வேலை இல்லாம வந்தாலும் சரி. எந்த நேரத்துல கதவைத் தட்டுனாலும், நாளைக்கு வான்னு நான் சொல்லமாட்டேன்.

மாரியம்மா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அக்கா,
விஜயலெட்சுமி